மணி அடித்தால் யாருக்குச் செலவு?
இரு செல்போன் காலங்கள்: ஓர் ஒப்பாய்வு

இந்தியச் செல்போனின் வரலாற்றில் இரண்டு தேதிகள் முக்கியமானவை. ஒன்று, 1995 ஜூலை 31. அன்று கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லி சஞ்சார் பவனில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசினார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு என்று வினாடி வினாக்களில் இன்றும் கேட்கப்படுவது இதுதான். இன்னொன்று, 2003 மே 1. அன்று எந்த விழாவும் இல்லை. ஆனால் செல்போனுக்கு வரும் அழைப்பை எடுத்துப் பேசுபவர் காசு கட்டத் தேவையில்லை என்ற விதி அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

முதல் தேதியில் கருவி வந்தது; இரண்டாவது தேதியில்தான் அதைப் பற்றிய மனப்பான்மை புரண்டது. செல்போனை நாம் பார்க்கும் விதம் மாறியதற்குக் கருவி சிறுத்தது, விலை குறைந்தது, கேமரா வந்தது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாமே ஓரளவு உண்மை. ஆனால் 1995 முதல் 2003 வரையிலான காலத்தையும் அதற்குப் பிந்தைய பத்தாண்டையும் அருகருகே வைத்தால், இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கணக்கு வழக்கு இருப்பது தெரிகிறது. மணி அடித்தால் யாருக்குச் செலவு என்பதே அந்தக் கணக்கு.

இரண்டு கருவிகள்

கருவிகளை முதலில் பார்த்துவிடலாம். முதல் காலத்துக்கு எடுத்துக்காட்டாக நோக்கியா 2110-ஐச் சொல்லலாம். 1994-இல் வந்தது, எடை சுமார் 236 கிராம், தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா. சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும். ஆகவே பெல்ட்டில் தோலுறை மாட்டி அதில் செருகிக்கொள்வார்கள். கருவி மட்டுமே பல பத்தாயிரம் ரூபாய். இரண்டாம் காலத்துக்கு 2003-இல் வந்த நோக்கியா 1100. எடை 86 கிராம். ஆன்டெனா வெளியே தெரியாது. தூசி புகாத ரப்பர் விசைப்பலகை, வியர்த்த கையிலும் வழுக்காத பின்புறம், உச்சியில் ஒரு டார்ச் விளக்கு. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்று, அதிகம் விற்ற செல்போன் என்ற பெயரை எடுத்தது.

ஒன்று அடுத்தவர் கண்ணில் படுவதற்கான பொருள். மற்றது மின்வெட்டு நேரத்தில் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுவதற்கான பொருள். கருவிகளின் வேறுபாடு இத்தோடு முடிகிறது. இரண்டிலும் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், அழைப்பவரின் எண்ணைத் திரையில் பார்க்கலாம். கேமராவும் இணையமும் இரண்டிலுமே கிடையாது. வேலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் நடத்தை ஏன் இவ்வளவு வேறுபட்டது?

இன்கமிங் என்னும் கவலை

தொடக்கத்தில் இந்தியாவில் நிமிடக் கட்டணம் உச்ச நேரத்தில் 16 ரூபாய் அளவுக்கு இருந்தது. பூத்தில் ஒரு ரூபாய் நாணயம் போட்டால் உள்ளூர் அழைப்பு முடிந்துவிட்ட காலம் அது. கட்டணம் அதிகம் என்பதைவிட, இரு பக்கமும் கட்டணம் என்பதே பெரிய சங்கடம். வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஒருவர் செல்போனுக்கு அழைத்தால், அவர் உள்ளூர் அழைப்புக்கான தொகையை மட்டும் தொலைபேசித் துறைக்குக் கட்டினார். அதில் செல்போன் நிறுவனத்துக்குப் பங்கு கிடையாது. அந்த நிறுவனம் தன் வருமானத்தை எடுப்பவரிடம் வசூலித்துக்கொண்டது.

இதை மாற்ற 1999-இலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முயன்றது. அழைப்பவரே கட்ட வேண்டும் என்று அது போட்ட உத்தரவு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் செல்லாததாகிவிட்டது. தரைவழித் தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருமானத்தைப் பங்கிட விரும்பவில்லை. 2003-இல் இணைப்புக் கட்டண முறை வந்த பிறகே சிக்கல் தீர்ந்தது: அழைப்பவரின் நிறுவனம், எடுப்பவரின் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை காசு என்று கொடுத்துவிட வேண்டும். இன்கமிங் இலவசமானது அப்படித்தான்.

முதல் காலத்தில் செல்போன் வைத்திருப்பவரின் முகத்தில் இருந்த பெருமிதம் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பெருமிதத்துக்குப் பின்னால் இருந்த பதற்றம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. மணி அடித்தால் மீட்டர் ஓடத் தொடங்கும். எதிர்முனையில் இருப்பவர் மாமா வீட்டுக் கல்யாணத்தில் தொடங்கி மழை வரை பேசுவார். அவர் பேசப் பேசச் செலவு இவருக்கு. "இன்கமிங் ஓடுது, வீட்டு நம்பருக்கு வாங்க" என்று சொல்லித் துண்டித்துவிடுவது அன்றைக்கு அநாகரிகமாகக் கருதப்படவில்லை. விலை உயர்ந்த பொருள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஒலிக்கக் கூடாது என்று விரும்பிய விசித்திரமான காலம் அது.

2003 மே மாதத்துக்குப் பிறகு கவலை கை மாறியது. மணி அடித்தால் செலவு அடிப்பவருக்கு. எடுப்பவர் நிதானமாகப் பேசலாம். அதிக அழைப்பு வரும் போன் லாபம். கடைக்காரருக்கு வியாபாரம், வீட்டிலிருப்பவருக்குப் பொழுதுபோக்கு. அளந்து பேசும் கட்டாயம் இப்போது அழைத்தவருக்கு வந்தது. அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. 2009-இல் டாடா டொகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று கொண்டுவந்ததும் மற்ற நிறுவனங்களும் பின்தொடர, பாதி நிமிடத்துக்கு முழு நிமிடக் காசு போகிறதே என்ற எரிச்சலும் போனது.

எண் என்னும் ரகசியம்

முதல் காலத்தில் செல்போன் எண் எல்லோருக்கும் கொடுக்கப்படுவதில்லை. விசிட்டிங் கார்டில் அலுவலக எண், வீட்டு எண் இரண்டையும் அச்சிட்டுவிட்டு, செல் எண்ணைப் பேனாவால் பின்புறம் எழுதிக் கொடுப்பார்கள். அப்படி எழுதிக் கொடுப்பது ஒரு சலுகை. தன் செலவில் பேச ஒருவருக்கு அனுமதி கொடுத்தாயிற்று என்று அதற்கு அர்த்தம்.

அதே தொண்ணூறுகளில், போன் இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டு எண்ணைத் தங்கள் முகவரியோடு சேர்த்து, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் எண்ணைத் தன் எண் போலத் தாராளமாகப் பரப்பியவர்களும், தன் எண்ணையே அடுத்தவருக்குத் தரத் தயங்கியவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள். வேறுபாடு குணத்தில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அழைப்பு வருவதால் பணச் செலவு ஏதுமில்லை. "உங்களுக்கு போன்" என்று சுவருக்கு மேலாகக் குரல் கொடுக்கும் சிரமம் மட்டுமே. செல்போன்காரருக்கு ஒவ்வொரு நிமிடமும் பில்லில் ஏறியது.

இரண்டாம் காலத்தில் எண் வீதிக்கு வந்தது. ஆட்டோவின் முதுகிலும், பிளம்பரின் சைக்கிளிலும், கரண்ட் கம்பத்தில் ஒட்டிய 'வாடகைக்கு வீடு' நோட்டீஸிலும் பத்து இலக்கங்கள் முளைத்தன. கடை இல்லாத தச்சருக்கும், மேடை இல்லாத தவில் கலைஞருக்கும், சமையல் ஒப்பந்தக்காரருக்கும் அந்த எண்ணே கடையானது. பத்து பேர் வீணாக அழைத்தாலும் நஷ்டமில்லை, பதினோராமவர் வேலை கொடுத்தால் போதும் என்ற நிலை வந்த பின்பே இது நடக்க முடிந்தது. எடுப்பவர் காசு கட்டும் முறையில் அதே பத்து அழைப்புகள் ஒரு நாள் கூலியைத் தின்றிருக்கும். 2004 அக்டோபரில் இந்தியாவில் செல்போன் இணைப்புகள் தரைவழி இணைப்புகளை முந்தின. அந்த வேகத்தில் இப்படித் தொழிலுக்காக வாங்கியவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே மிஸ்டு கால், இரண்டு அர்த்தம்

இந்த ஒப்பீட்டின் மையம் மிஸ்டு கால். 2003-க்குப் பிறகு பிறந்த வழக்கம் என்று பலரும் அதைக் கருதுகிறார்கள். உண்மையில் அது இரண்டு காலங்களிலும் இருந்தது, துண்டித்தவர்தான் மாறினார்.

முதல் காலத்தில் துண்டித்தவர், எடுக்க வேண்டியவர். திரையில் எண்ணைப் பார்ப்பார், எடுக்க மாட்டார், அருகிலிருக்கும் எஸ்டிடி பூத்துக்குப் போய் அந்த எண்ணுக்குத் திருப்பி அழைப்பார். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவியைப் பேஜராகப் பயன்படுத்தியவர்கள் அன்று ஏராளம். மஞ்சள் பலகை பூத்துகளுக்கு எதிரியாக வந்த செல்போன், சில காலம் அவற்றுக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது.

இரண்டாம் காலத்தில் துண்டித்தவர், அழைத்தவர். பேலன்ஸ் கரையக் கூடாது. ஆனால் செய்தி போய்ச் சேர வேண்டும். ஒரு மணி என்றால் பேருந்து நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன், வண்டியை எடுத்து வரலாம். இரண்டு மணி என்றால் சாப்பிட்டாயிற்று, காத்திருக்க வேண்டாம். விடுதியிலிருக்கும் மகள் அப்பாவுக்குக் கொடுப்பாள். அவர் திருப்பி அழைப்பார். காதலர்களுக்கு நள்ளிரவில் அடித்து நிற்கும் ஒற்றை மணியே ஒரு கடிதம்.

இதற்குள் ஒரு மரியாதை முறை தானாக உருவானது. சிறியவர் பெரியவருக்கும், இல்லாதவர் இருப்பவருக்கும் மிஸ்டு கால் கொடுக்கலாம், உறவு இருந்தால். அண்ணனுக்குத் தம்பி கொடுத்தால் உரிமை. அதே தம்பி மேலாளருக்குக் கொடுத்தால், "சாருக்கே மிஸ்டு கால் குடுக்கறியா?" என்று கேள்வி வரும். கடன் கேட்டவர் கொடுத்தவருக்கு மிஸ்டு கால் தந்தால் அது ஆணவம். எந்தப் புத்தகத்திலும் எழுதாத இந்த விதிகளை நாடு முழுவதும் சில ஆண்டுகளுக்குள் கற்றுக்கொண்டது. அடிப்படை எளியது: மிஸ்டு கால் என்பது 'நீங்கள் செலவு செய்யுங்கள்' என்ற வேண்டுகோள், யாரிடம் அப்படிக் கேட்கலாம் என்று நம் ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

பிறகு நிறுவனங்களும் கட்சிகளும் இதைப் பிடித்துக்கொண்டன. பெங்களூரில் 2010-இல் தொடங்கிய ஜிப்டயல் என்ற நிறுவனம், மிஸ்டு கால் கொடுத்தால் விளம்பரத் தகவல் அனுப்பும் சேவையை வியாபாரமாக்கியது. 2015-இல் ட்விட்டர் அதை வாங்கியது. 2011-இல் அண்ணா ஹசாரே இயக்கத்துக்கு மிஸ்டு கால் மூலம் ஆதரவு திரட்டப்பட்டது. பாரதிய ஜனதா கட்சி அடுத்த சில ஆண்டுகளில் அதே வழியில் உறுப்பினர்களைச் சேர்த்தது. காசில்லாதவரின் தந்திரம் என்று தொடங்கியது, காசுள்ளவர்கள் ஆளைப் பிடிக்கும் தூண்டிலாக முடிந்தது.

யாருடைய போன், யாருக்கு அச்சம்

முதல் காலத்துச் செல்போனுக்கு ஒரே உரிமையாளர். தொழிலதிபர், ஒப்பந்ததாரர், அரசியல்வாதி, சினிமாக்காரர், அநேகமாக ஆண். அவர் வீட்டுப் பெண்கள்கூட அதை எடுத்துப் பேசுவது அரிது. இரண்டாம் காலத்தின் தொடக்கத்தில், குறிப்பாகச் சிற்றூர்களில், ஒரு போன் குடும்பத்துக்கே பொது. அப்பாவின் சட்டைப் பையில் பகலில் இருக்கும், மாலையில் அலமாரியின் மேல் சார்ஜ் ஏறும், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். சற்றுக் காலம் கழித்துப் புதியது வாங்கும்போது பழையது அம்மாவுக்குப் போகும். போனில் ஒளித்துவைக்க ஏதும் இல்லாததால், ஒளித்துவைக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

2022-இல் வந்த பிரதீப் ரங்கநாதனின் 'லவ் டுடே' படத்தில், காதலர்கள் இருவரும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பெண்ணின் தந்தை நிபந்தனை போடுகிறார்; அதிலிருந்து முழுப் படமும் விரிகிறது. நோக்கியா 1100-ஐ வைத்து அந்தப் படத்தை எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மாற்றிக்கொண்டால் என்ன, இரண்டிலும் பாம்பு விளையாட்டுதானே!

அச்சமும் அதேபோல இடம் மாறியது. முதல் காலத்தில் மக்கள் வெறுத்தது ஒலியை. சினிமா அரங்கிலும் கச்சேரியிலும் மணி அடித்தால் தலைகள் திரும்பும். இரண்டாம் காலத்தில் அச்சம் இளையவர்கள் பக்கம் போனது. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் உடைக் கட்டுப்பாட்டோடு சேர்த்து, இணைப்புப் பொறியியல் கல்லூரிகளில் செல்போனுக்கும் தடை விதித்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, பெருந்தொற்றுக் காலத்தில் அதே போன் இல்லாவிட்டால் வகுப்பே இல்லை என்றானது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது. அங்கே பிரச்சினை மணியொலியைவிடக் கேமராதான்.

இந்த வரிசையில் ஷங்கரின் '2.0' (2018) தனியாக நிற்கிறது. செல்கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றன என்று நம்பும் பறவையியலாளர் அதில் பழிவாங்க வருகிறார். செல்போன் நிறுவனங்களின் சங்கம் படத்துக்கு எதிராகப் புகாரும் கொடுத்தது. சிட்டுக்குருவிகள் குறைந்ததற்குக் கோபுரங்கள்தான் காரணம் என்பதற்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை. கூடு கட்ட இடமில்லாத கட்டடங்களும் குஞ்சுகளுக்குப் பூச்சி கிடைக்காததும் வலுவான காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனாலும் அந்தக் கதை மக்களிடம் எடுபட்டதில் வியப்பில்லை. படம் வந்தபோது பேசுவதற்கான தனிக்கட்டணமே மறையத் தொடங்கியிருந்தது; அழைப்பவரும் கட்டவில்லை, எடுப்பவரும் கட்டவில்லை என்றால் வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற பொதுப் புத்தியின் சந்தேகத்தை அது தொட்டது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2003-ஐ ஒட்டி இன்கமிங் மட்டும் மாறவில்லை. 2002 அக்டோபரில் பிஎஸ்என்எல் செல்போன் சேவைக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ரிலையன்ஸ் இறங்கி, 2003-இல் 501 ரூபாய் கட்டினால் போன் என்று கூவியது. நோக்கியா 1100-உம் அதே ஆண்டுதான். 1999-இன் தொலைத்தொடர்புக் கொள்கை, நிறுவனங்களின் நிலையான உரிமக் கட்டணத்தை வருவாய்ப் பங்காக மாற்றி, விலைக் குறைப்புக்கு முன்பே வழி செய்திருந்தது. இத்தனையும் சேர்ந்து வந்த நேரத்தில் ஒன்றை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

எண்ணிக்கை பெருகியதற்கு இவை எல்லாமே காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் எண்ணிக்கையும் நடத்தையும் வேறு. விலை குறைந்தது மட்டுமே காரணம் என்றால் செல்போன்காரர்கள் கூடியிருப்பார்கள்; எண்ணை மறைக்கும் வழக்கம் அப்படியே தொடர்ந்திருக்கும். எண்ணைச் சுவரில் எழுதும் துணிவு, துண்டிப்பவர் மாறியது, அதிலிருந்து பிறந்த மரியாதை விதிகள் ஆகியவற்றைக் கருவியின் விலையால் விளக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு கேரளக் கடலிலிருந்து வருகிறது. 1997-க்கும் 2001-க்கும் இடையில் வட கேரளக் கடற்கரையில் செல்போன் சேவை படிப்படியாக வந்தபோது, மத்தி பிடிப்பவர்கள் அதிகக் கட்டணத்தைப் பொருட்படுத்தாமல் போன் வாங்கினார்கள். கரைக்கு வருமுன்பே எந்தச் சந்தையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விற்காமல் வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. எடுப்பவர் காசு கட்டும் காலத்திலேயே எளியவர்களும் போனைக் கொண்டாடினார்கள் என்பதற்கு இது சான்று. ஆனால் விதியை இது உடைக்கவில்லை. ஒரு அழைப்பு ஒரு படகு மீனைக் காப்பாற்றும் என்றால், கட்டணம் எத்தனை ஆனாலும் அது முதலீடு. அப்படிப்பட்ட ஆதாயம் இல்லாதவர்களுக்கே இன்கமிங் தடையாக நின்றது.

வேறொரு நாட்டை வைத்தும் சோதிக்கலாம். எடுப்பவரிடமும் நிமிடக் கணக்குப் பார்த்த அமெரிக்காவில், 1991-ஆம் ஆண்டுத் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றிச் செல்போன்களுக்குத் தானியங்கிக் கருவியால் அழைப்பதைத் தடுத்தது. அந்த விதியில், எடுப்பவருக்குச் செலவு வைக்கும் சேவைகளும் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. அடுத்தவர் காசில் மணி அடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டமாகவே ஆனது.

யாரும் கட்டாத மணி

2003-இல் தொடங்கிய இணைப்புக் கட்டணம், 2009-இல் நிமிடத்துக்கு 20 காசு, 2015-இல் 14 காசு, 2017-இல் 6 காசு என்று தேய்ந்து, 2021 ஜனவரி 1 அன்று பூஜ்யமானது. அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, பேசுவதற்குத் தனிக்கட்டணம் இல்லை என்று அறிவித்திருந்தது. இன்று ஓர் அழைப்புக்கென்று தனியாக யாரும் காசு கட்டுவதில்லை. மிஸ்டு கால் தேவையற்றுப் போய்விட்டது. இப்போது யாராவது கொடுத்தால், கை தவறிப் பட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறோம்.

விளைவு எதிர்பாராதது. தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தால் எடுப்பதில்லை. கடையில் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க" என்றால் தயங்குகிறோம். ட்ரூகாலரில் பெயர் பார்த்துத்தான் பேசுகிறோம். முன்னறிவிப்பின்றி அழைத்தால் இளையவர்கள் முகம் சுளிக்கிறார்கள். முதலில் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு அழைக்க வேண்டுமாம். 1996-இல் பெல்ட்டில் செல் மாட்டியிருந்தவரின் நடத்தைகள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்துவிட்டன. காரணமும் அதேதான்: மணி அடித்தால் செலவு மறுபடியும் எடுப்பவருக்கு. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாயாக இருந்தது, இப்போது கவனமாகவும் நேரமாகவும் வசூலாகிறது. மோசடி அழைப்பானால் வங்கிக் கணக்கிலிருந்தும் போகிறது.

விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண், வங்கிகளுக்கும் அரசுக்கும் 160 என்று தொடங்கும் எண், அழைப்பவர் பெயரைத் திரையில் காட்டும் திட்டம் என்று அரசு இப்போது எடுக்கும் நடவடிக்கைகள் எல்லாம் அழைப்பவரை அடையாளம் காட்டுபவை. தேவையானவைதான். ஆனால் இரு காலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அவை போதா என்று தோன்றும். எண்ணைத் தெரிந்துகொண்டதால் மட்டும் 1996-இன் செல்போன்காரர் நிம்மதியடையவில்லை. அடித்தவர் காசு கட்டத் தொடங்கியபோதுதான் அடைந்தார். மொத்தமாக அழைக்கும் வணிக நிறுவனங்கள் ஒவ்வொரு மணிக்கும் சில காசாவது கட்ட வேண்டும் என்று விதி வந்தால், பத்தாயிரம் பேரை அழைப்பதற்கு முன் அவை ஒருமுறை கணக்குப் பார்க்கும். நண்பர்களுக்கும் உறவுகளுக்கும் அழைப்பு இலவசமாகவே இருக்கட்டும். நம் மனப்பான்மையை ஒருமுறை மாற்றிக் காட்டியது ஒரு கட்டண விதி. மறுபடியும் மாற்ற வேண்டுமானால் புதிய கருவிக்காகக் காத்திருப்பதைவிட, அந்த விதியை இன்னொரு முறை எழுதுவதே குறுக்கு வழி.